மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்

துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
வல்பராய்சோவில், நாய்கள் குரைக்கும் இந்தக் குன்றில்,
என் வீட்டில் எதிரொலி இல்லாத இடம் இது ஒன்றுதான்.
தோளை உரசும் குளிர்க் கோட்டுகள்,
முழங்காலில் மடிக்கணினி,
மணிக்கு இவ்வளவு என்று கூலி.
போன வாரம் சிமெண்டு. அடுத்த வாரம் பல் மருத்துவம்.
இன்று பூனைகள்:
புலிக்குக் கிடைக்கிற பணத்தில்
ஒரு மீசைமயிரளவும் கிடைக்காத
சின்னஞ்சிறு வெருகுகள்.

எங்களுக்குக் காலை ஒன்பது.
மங்கோலியாவில் இரவு ஒன்பது. ஒத்கோன்துயா
பாறையோடு பாறையாய்ப் படுத்திருந்த
தன் பூனையைக் காட்டி முடித்துவிட்டுக்
குழந்தையைத் தூங்கவைக்கப் போயிருக்கிறாள்;
நாற்காலி மட்டும் கூட்டத்தைக் கவனிக்கிறது.
கபோனில் மதியம். எம்பூம்பாவின் தலைக்குமேல் மின்விசிறி.
எட்டு மாதம், நாற்பது கேமரா,
பொன்பூனை மூன்றே படத்தில்,
அதிலும் ஒன்றில் வால் மட்டும்.
அந்த வாலைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்கள்.
எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

பிறகு சிலோயே தீவு. அங்கே மழை.
யாஸ்னா ஒபாந்தோ கைபேசியைத் தூக்கிப் பிடிக்க,
அதன் எதிரே வந்து அமர்ந்தார் எலியேசர் மில்யாலோன்கோ.
நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர்:
உள்ளூர்க் குரல், ஐந்து நிமிடம்.
வாய் திறந்தார்.
ஒலிவாங்கியின்மேல் சிவப்புக் கோடு.

யாஸ்னாவுக்குத் தெரிவது கைபேசியின் முதுகு.
அவளுக்கு அவர் குரல் நேராகவே கேட்கிறது.
பிரஸ்ஸல்ஸிலிருந்து நெறியாளர் இரண்டு கையையும் ஆட்டினார்.
எலியேசர் மரியாதையாகப் பதிலுக்கு ஆட்டிவிட்டுத்
தொடர்ந்தார்.

யாரோ எழுதினார்கள்: மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா?
இருக்கிறேன்.
வெட்கமாகப் போயிற்று.
கைகளைப் பார்த்து ஆரம்பித்தேன்.

எங்கள் தொழிலில் "அவர் சொல்கிறார்" கிடையாது.
பேசுபவர் யாரோ அவரே நான்.
பத்து விரல், பிறகு ஒன்று:
என் கோழிகள் பதினொன்று.
கட்டைவிரல்களும் சுட்டுவிரல்களும் கூடி ஒரு வட்டம்:
இத்தனூண்டு ஓட்டை வழியாக வந்தது குயின்யா.
இரண்டு உள்ளங்கை, நடுவே ஒரு முழம்:
அதன் உடம்பே இவ்வளவுதான்.
வலது முட்டி மேலே போய் இறங்கியது.
மறுபடியும்.
மறுபடியும்.
நான் அதை அடித்தேன், என்றேன்.
மூன்று அடி, என்றேன்.

திரையோரம் கண்ணீர் முகங்கள் குமிழிட்டு ஏறின.
திரும்பி வந்த ஒத்கோன்துயா வாயைப் பொத்திக்கொண்டாள்.
எம்பூம்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.
என் பின்கழுத்தில்
பழைய கோட்டின் முயல்தோல் காலர்.

ஒலி வந்தது. முதலில் மழை, பிறகு அவர்:
"...பலகையை வச்சு மூணு ஆணி அடிச்சேன். ஓட்டை அடைஞ்சுது.
அது வெளியில சுத்துது, கோழிங்க உள்ள தூங்குது.
அவ்வளவுதான்."
எழுந்திருக்கப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளரின் திருத்தம், என்றேன்.
வழக்கமாக இது எண்களுக்குச் சொல்வது:
ஆயிரமல்ல, லட்சம்.
ஆணி, என்றேன். பூனையல்ல, ஆணி.
அடித்தது சரிதான்,
எதை என்பதில்தான்.

சிலர் சிரித்தார்கள். கண்ணீர் முகங்கள்
திருத்தம் கேளாமல் இன்னும் மேலேறிக்கொண்டிருந்தன.
ஒத்கோன்துயா மட்டும் கேட்டாள்:
பதினொரு கோழி போயும் கோபம் வரவில்லையா?
ஸ்பானியத்தில் கேட்டேன்.
அவர் மழையை ஒரு பார்வை பார்த்தார்.
"கோபம் அன்னைக்கே வந்துச்சு.
பூனைதான் வரலை."

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது
என் குரல் சற்று இறங்கியது;
கூலிக்குள் அது அடங்காது.

"பலகை என்னோடது," என்றார் எலியேசர்.
"மூணங்குல ஆணி. அதுக்கு யாரு காசு தருவீங்க?"
யாரும் பேசவில்லை. எல்லா ஒலிவாங்கியிலும் சிவப்புக் கோடு.
அதையும் கேட்டேன், நான் என்றே,
ஆணியின் நீளம் உட்பட.